வெல்டா குபிசெக் பட்டியல் படிக்கிறாள்

எங்கள் ஷெரீப் அலுவலகத்தில் யார் வந்து எந்தக் கைதியைப் பற்றிக் கேட்டாலும், "எதுக்குக் கேக்கறீங்க?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கக் கூடாது. சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு மனுஷியை இப்படி வதைத்திருக்க மாட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக ஹார்க்கர் மாவட்டச் சிறையின் காகிதங்கள் என் கையில். சிறை என்று பெயர்தான், மொத்தம் பன்னிரண்டு படுக்கை. காலை எட்டு மணிக்கு உள்ளே இருப்பவர்களின் பட்டியலை வாசல் பலகையில் குத்தி வைப்பேன். பெயர், வயது, உயரம், எடை, என்ன குற்றம், என்றைக்கு வந்தார், பக்கத்தில் ஒரு புகைப்படம். பக்கத்துத் தபால் ஆபீசில் தபால் எடுக்க வருபவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காப்பிக் கடைக்குப் போவார்கள். இரண்டாவது கோப்பை காலியாவதற்குள் சேதி மாவட்டத்தின் கடைசிப் பண்ணை வரை போய்விடும். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

வெல்டா குபிசெக் செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். எழுபத்தொரு வயது. ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய வெள்ளை முடி, காலில் எப்போதும் சேறு காய்ந்த பூட்ஸ். இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஒருமுறை பனிப்புயலில் பஸ் பாதி வழியில் மாட்டிக்கொண்டபோது, பத்தொன்பது பிள்ளைகளையும் ஏழு மணி நேரம் பாட வைத்தே உட்கார வைத்திருந்தாள். ஒருத்தனைக்கூட இறங்க விடவில்லை. "இறங்கினா காலை ஒடிச்சிருவேன்" என்று சொன்னாளாம். கணவர் எமில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். நிலத்தைச் சோளத்துக்குக் குத்தகை விட்டிருக்கிறாள். ஒரே மகன் கிளின்ட். வயோமிங் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான் என்று சொல்வாள்.

பலகை முன்னால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். படிக்கும்போதே விமர்சனமும் நடக்கும்.

"இந்தப் பயலா? பின் சீட்ல உக்காந்து முன்னாடி இருக்கவன் தலையில எச்சி துப்புவான். அன்னிக்கே நெனச்சேன், இவன் உருப்பட மாட்டான்னு."

எங்கள் சிறைக்காவலர் மார்வ் சும்மா இருக்க மாட்டார். "பன்னெண்டு பேர்ல எட்டுப் பேரு உங்க பஸ்ல போனவங்கதான் வெல்டா. படிக்கத்தான கூட்டிட்டுப் போனீங்க? வழி மாத்திட்டீங்களா?"

"நான் பள்ளிக்கூடத்துல கரெக்டா எறக்கி விட்டேன்யா. அங்கேருந்து உங்ககிட்ட வந்தது அவனுக சாமர்த்தியம்."

சிரிப்போம். அவளும் சிரிப்பாள். தன் பஸ் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வருகிறாள், கிழவிக்கு வம்பு மேல் ஆசை, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். வம்பைப் பொறுத்தவரை நானும் குறைந்தவள் இல்லை என்பதால் அதைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

போன கோடையில்தான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் சிறையில் பெண்களுக்கு இடமில்லை, பெண் கைதி வந்தால் தொண்ணூறு மைல் தள்ளி மெரிட் மாவட்டத்துக்கு அனுப்புவோம். அப்படி ஒருத்தியை அனுப்பும் விஷயமாக அங்கே என் வேலையைப் பார்க்கும் ரொவீனாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்.

"ஏய் ஆர்லீன், உங்க பக்கத்துலேருந்து ஒரு கெழவி புதன்கெழமை தவறாம போன் பண்ணுது. பேரு சொல்லாது. 'லிஸ்ட்டப் படிங்க'ங்கும். நானும் படிப்பேன். முடிச்சதும் 'அவ்ளோதானா?'ங்கும். 'நல்லாருங்க'ன்னு வெச்சிரும். யாரு அது?"

"குரல் எப்படி?"

"ஓடற வண்டியில எந்திரிச்சு நிக்காதேன்னு அதட்டற மாதிரி."

எனக்குப் புரிந்துவிட்டது. உடனே இன்னும் இரண்டு மாவட்டங்களுக்குப் போன் போட்டேன். ஒன்றில் வியாழக்கிழமை, இன்னொன்றில் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கு நாங்கள். கிழவி வாரம் முழுக்க முறை வைத்துச் சிறைகளைச் சுற்றி வருகிறாள்! அங்கேயெல்லாம் அவள் பஸ் ஓடவில்லையே?

அதன் பிறகு எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை என்றால் பொய், நன்றாகவே இறங்கியது. ஆனால் வேறு பேச்சு ஓடவில்லை. துப்பறியும் கதை எழுதுகிறாள் என்றார் மார்வ். எமிலைக் கொன்றவனைத் தேடுகிறாள் என்று அவரே அடுத்த வாரம் மாற்றிக்கொண்டார். எமில் டிராக்டரில் உட்கார்ந்தபடி மாரடைப்பில் போனவர். யாரோ அவளை ஏமாற்றிவிட்டு ஓடியிருக்கிறான், அவனைத்தான் தேடுகிறாள் என்று நான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கேட்டுவிடலாம் என்றால் அந்தப் பாழாய்ப்போன சட்டம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய். பட்டியலில் இரண்டே பேர். வெல்டா படித்தாள். கிண்டல் செய்யவில்லை. மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு கவுன்டர் பக்கம் திரும்பி, "அவ்ளோதானா?" என்றாள். அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "வெல்டா, இங்க பாருங்க. ஏன்னு நான் கேக்கக் கூடாது. அதனால கேக்கல. ஆனா நீங்களா சொன்னா, நான் காதைப் பொத்திக்க மாட்டேன்."

"ஒனக்கு வாய் நீளம், பொண்ணே."

"அது ஊருக்கே தெரியும்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்துத் தன் மடியில் விரித்தாள். நூலகத்துக் கணினியில் அச்செடுத்த பழைய சிறைப் பட்டியல்கள், மற்ற மூன்று மாவட்டங்களுடையவை, எங்களுடையது இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரே பெயரைச் சுற்றிப் பென்சில் வட்டம். கிளின்ட் குபிசெக்.

எண்ணெய்க் கிணறு எதுவும் இல்லை. அவனைப் போதை மருந்து பிடித்து எட்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வருவதை நிறுத்தி ஆறு வருஷம். கடைசியாக வந்தபோது எமிலின் கைக்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அவள் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். அதோடு சரி.

"எடையப் பாரு" என்று விரலை வைத்துக் காட்டினாள். "மொதல்ல நூத்தி எம்பத்து நாலு பவுண்டு. அப்புறம் நூத்தி அறுபத்தொண்ணு. நூத்தி நாப்பத்தொம்பது. கடைசியா போன வருஷம் ஜூலைல, மெரிட்ல, நூத்தி முப்பத்திரண்டு. ஆறடி ஆளு, ஆர்லீன். பொறந்தப்ப நர்ஸு எடை போட்டு அட்டையில எழுதிக் குடுத்தா பாரு, அதே மாதிரி நான் இதப் பாத்துட்டு இருக்கேன்."

தாள்களை மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"லிஸ்ட்ல பேர் இருந்தா உசுரோட இருக்கான்னு அர்த்தம். மூணு வேளை சாப்பாடு, தலைக்கு மேல கூரை. அன்னிக்கு ராத்திரி நான் தூங்குவேன். மகன் ஜெயில்ல இருக்கணும்னு கோயில்ல முட்டி போடற ஒரே தாய் நான்தான். இப்பப் பதினாலு மாசமா எங்கயும் பேரில்ல. எந்த ஊர்லயும் இல்ல. திருந்திட்டானா, இல்ல எங்கயாச்சும் பள்ளத்துல கெடக்கறானா? யாரக் கேப்பேன்?"

"பேரச் சொல்லிக் கேட்ருக்கலாமே! எங்ககிட்ட இல்லாட்டியும் மெரிட்ல ரொவீனாகிட்டயாச்சும்?"

"பேரச் சொன்னா மறுநாளே காப்பிக் கடையில நாறிடும்."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். முகத்தில் சூடு ஏறியது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, அவள் மேல் பாதி, என் மேல் பாதி.

"வெல்டா, நீங்க தப்பான கேள்வியவே கேட்டுட்டு இருந்திருக்கீங்க" என்றேன். "உள்ள யார் இருக்கான்னு கேட்டா, உள்ள இருக்கவன் பேரத்தான் சொல்லுவோம். வெளிய போனவன் பேரு மறுநாள் லிஸ்ட்ல இருக்காது. ஆனா வெளிய போனவன் திரும்ப எங்ககிட்ட வருவான். வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, லைசென்சுக்கு, எதுக்குன்னாலும் அவன் கேஸ் முடிஞ்சதுக்குக் காகிதம் வேணும். அதுக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கணும். அந்த மனுவும் பொதுக் காகிதம்தான். யார் வேணும்னாலும் கேக்கலாம். கேட்டா மட்டும்தான் குடுப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். "கேளு" என்றாள்.

மெரிட்டுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். "ரொவீனா, கிளின்ட் குபிசெக். அந்தப் பேர்ல காகிதம் கேட்டு யாராவது மனு குடுத்திருக்காங்களா?"

"இரு." இழுப்பறை திறக்கும் சத்தம், தாள் புரளும் சத்தம். வெல்டா எழுந்து வந்து என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இருக்கு. ஏப்ரல் மாசம். அவனே நேர்ல வந்து குடுத்திருக்கான். மாட்டுத் தீவனக் கெடங்குல வேலைக்குன்னு போட்ருக்கு."

வெல்டா போன் பக்கம் குனிந்தாள். "ஆளு எப்படி இருந்தான்?" என்றாள்.

"அம்மா, அதெல்லாம் காகிதத்துல இருக்காதே..." என்று ரொவீனா இழுத்தாள். பிறகு அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். "ஐயோ, நீங்களா? புதன்கெழமையா?"

"ரொவீனா, சொல்லித் தொலை!" என்று கத்தினேன்.

"இரு இரு, ஞாபகம் வருது. நான் கவுன்டர்ல வெச்சிருந்த பன்னுல மூணை முழுங்கிட்டான், வெக்கங்கெட்டவன். தொப்பை சட்டைய முட்டிக்கிட்டு நிக்குது, நடு பட்டன் போடல."

"தொப்பையா?" என்றாள் வெல்டா. "என் கிளின்ட்டுக்குத் தொப்பையா?" அப்புறம் சிரித்தாள், சிரிப்பிலேயே கண்ணில் நீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவே இல்லை. மார்வ் எழுந்து போய் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மனுவில் தொலைபேசி எண் இருந்தது. ரொவீனா படிக்க, நான் எழுதி வெல்டாவின் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினாள்.

"நீ கூப்பிடு. நான் பேசலாமான்னு அவனக் கேளு. வேண்டாம்னா வேண்டாம். உசுரோட இருக்கான், எனக்கு அது போதும்."

போதாது. சொல்லும்போதே போனை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் மறுபடி ஒலிபெருக்கியில் வைத்து எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே ஓர் ஆண் குரல் எடுத்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது: "வணக்கம், ஹார்க்கர் மாவட்ட ஷெரீப் ஆபீஸ்லேருந்து பேசறேன்."

அட, மடைச்சி, என்ன காரியம் செய்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குள் அவன் பேசினான், மெதுவாக, யாரோ அடிக்கக் கை ஓங்கியது போல.

"மேடம், நான் ஒண்ணும் பண்ணல. சத்தியமா. பதினாலு மாசமா நான் எந்தத் தப்பும் பண்ணல."

வெல்டா என்னை முந்திக்கொண்டு ரிசீவரைக் கையில் எடுத்தாள்.

"தெரியும்டா" என்றாள். "அதனாலதான் கூப்பிட்டேன்."