சுக்கானுக்குத் திரும்பாத கப்பல்

சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டில் பிறந்த தேசப்பன், பதினாறு வருடம் சரக்குக் கப்பல்களில் சுக்கான் பிடித்தார். கேப்டன் சொல்கிற பக்கம் சக்கரத்தைத் திருப்புவதுதான் வேலை.

போன மார்கழியில், வடக்கே ஒரு துறைமுகத்துக்குள் நுழையும்போது, வேகம் குறைவதற்காக எஞ்சினை நிறுத்தச் சொன்னார் கேப்டன். அப்போதுதான் எதிரே ஒரு சின்னப் படகு தெரிந்தது. ஒற்றை ஆள் வலை இழுத்துக்கொண்டிருந்தான். "வலது பக்கம், முழுசா!" என்று கேப்டன் கத்த, தேசப்பன் சக்கரத்தை முழுசாக ஒடித்துத் திருப்பினார். கப்பல் திரும்பவில்லை. எஞ்சின் பின்னால் தள்ளிவிடும் தண்ணீர் வந்து அடித்தால்தான் சுக்கானுக்கு வலு. அது நின்றுவிட்டது, கப்பலோ வந்த வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

"சுக்கானுக்குக் கேக்கல சார்! திரும்ப மாட்டேங்குது!"

படகுக்காரன் எழுந்து நின்று துண்டை வீசினான். கப்பல் ஒதுங்கிவிடும் என்று நம்பினானோ என்னவோ, குதிக்கவில்லை. எஞ்சின் மறுபடி பிடிப்பதற்குள் கப்பலின் மூக்கு அவனை மறைத்துவிட்டது.

மறுநாள்தான் உடல் கிடைத்தது. விசாரணையில் தேசப்பன்மேல் தவறில்லை என்று முடித்தார்கள். அவர் ஊருக்கு வந்தவர், கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை.

"அவங்களே உம்மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்கோ. அப்பறம் இன்னாத்துக்குய்யா சாப்டாம கீற?" என்றாள் மனைவி வச்சலா.

"திருப்பிகினேதான் இருந்தேன் வச்சலா."

அவள் தட்டை மூடிவைத்தாள்.

தை பிறந்ததும் வச்சலாவின் தம்பி மோகன் தன் படகில் அவரைக் கூட்டிப்போனான். வலை விட்டுக் காத்திருந்தபோது தொலைவில் ஒரு சரக்குக் கப்பல் தெரிந்தது.

"வலைய வுட்டுட்டு கெளம்பு, மோகனு."

"இன்னா மாமா, பேஜாரு பண்ற? எங்கியோ கீது. அவன் பாத்துத் திருப்பிகினு போயிடுவான்."

தேசப்பன் கத்தியை எடுத்து வலைக்கயிற்றை அறுத்துவிட்டார்.

கப்பல் வெகுதூரம் தள்ளித்தான் போனது. வலை மட்டும் போய்விட்டது. மோகன் படகைக் கரைக்குத் திருப்பினான். மறுநாள் அவரைக் கூப்பிடவில்லை.

இப்போது தேசப்பன் கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். லீவுக்கு வந்தால் கரைப்பக்கம் போவதில்லை.

"அங்க இன்னா புடிச்சிருக்கு உனக்கு?" என்று ஒருநாள் வச்சலா கேட்டாள்.

"கேட்டாண்ட பிரேக் போட்டா வண்டி நின்னுடுது, வச்சலா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கருவாட்டைப் பொட்டலம் கட்டி அவர் பையில் வைத்து, பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.