பொதுத் தொகுதியில் நின்ற ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இல்லை.

காலையில் அவருடைய தம்பி ஜெபராஜ் போன் செய்தான். "நசீமாக்கா… அக்கா போயிட்டா" என்றான்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டேதான் வந்தாராம். அதை மட்டும் என்னால் உடனே நம்ப முடிந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் பில் போடுகிறவர்கள். பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து கவுண்டர். அக்காவுக்கு ஊர் தோவாளைப் பக்கம். அங்கே பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று, ஒரு தடவை கவுன்சிலராக இருந்தவர்.

அப்புறம் ஒரு சட்டமன்றத் தேர்தல் வந்தது. அக்கா கட்சியில் எம்.எல்.ஏ. சீட் கேட்டார்.

கட்சி ஆபீசுக்குத் துணைக்கு நானும் போயிருந்தேன். அங்கே இருந்த நிர்வாகி மரியாதையாகத்தான் பேசினார். "இங்கப் பாருங்கம்மா, பெண்களுக்குன்னு உள்ள வார்டுல நின்னு ஜெயிச்சாச்சு. இது பொதுத் தொகுதில்லா? மகளிர் அணியில ஒரு பொறுப்பு தாறோம். இல்லன்னா உங்க வீட்டுக்காரர் பேருல கேளுங்க, பேசிப் பாக்கலாம்."

அக்காவின் வீட்டுக்காரர் மைக் செட் ரிப்பேர் பார்க்கிறவர்.

"அவரு ரிப்பேர் பாக்க மட்டும்தான் சார் மைக்கத் தொடுவாரு. பேசச் சொன்னா கை நடுங்கும்" என்றார் அக்கா. "பின்ன, பொதுன்னா அதுல பொம்பளையளும் உண்டுல்லா?"

சீட் கிடைக்கவில்லை. சுயேச்சையாக நின்றார். கிடைத்த சின்னம் தையல் மெஷின்.

"வீட்டுல போயி துணி தைக்கச் சொல்லு" என்று ஜங்ஷனில் கத்தினார்கள். "பாத்தியா நசீமா, நம்ம சின்னத்த அவனுவளே விளம்பரம் பண்ணுகானுவ" என்று அக்கா சிரித்தார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சிரிக்க முடியவில்லை…

வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஒரு வாய்ஸ் மெசேஜைப் பாதி கேட்டதுமே அக்காவின் முகம் வெளுத்துப் போனது. பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

பிறகு போனை என் கையில் தந்தார். "எலக்‌ஷன் முடியது வரைக்கும் இது ஒனக்க கையில இருக்கட்டு மக்கா. எனக்கு வேல கெடக்கு."

அதனால் மிச்சத்தை எல்லாம் நான்தான் பார்த்தேன். அனுப்பியவர்களில் சிலர் எங்கள் கடைக்கு வந்து, "அக்கா, ஸ்கூல் யூனிபார்ம் வந்தாச்சா?" என்று கேட்கிறவர்கள்.

அடுத்து ஒரு போட்டோ. ஸ்கூட்டரில் ஒரு ஆணுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருக்கிறார். கீழே, 'வேட்பாளருடன் ஊர் சுற்றும் இந்த நபர் யார்?'

அந்த நபர் ஜெபராஜ்தான். கூடப் பிறந்த தம்பி. துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான்.

அவன் கொதித்துப் போய்விட்டான். "எவன்னு கண்டுபிடிச்சு பல்லத் தட்டிட்டுதான் ஃபிளைட் ஏறுவேன்" என்றான்.

"நீ அடிச்சேன்னா அவனுவ ஜெயிச்சானுவ. ஸ்கூட்டர எடுல" என்றார் அக்கா.

அதே ஸ்கூட்டர். அதே மாதிரி பின்னால் உட்கார்ந்தார். ஊர் ஊராகப் போனார்கள். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே ஆட்டோவில். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் அக்கா இறங்கி, அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு சொல்வார்: "போட்டோவுல உள்ள ஆளு இவன்தான். பேரு ஜெபராஜ். எனக்க தம்பி. வேற யாருக்காவது சந்தேகம் உண்டா?"

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விற்கிற அம்மா ஒருவர் போனில் இருந்த படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனா? படத்துல பாக்கியதுக்கு நேருல இன்னும் கொஞ்சம் கொள்ளாம்லா, அழகாட்டுல்லா இருக்கான்?" என்றார்.

சந்தையே சிரித்தது. ஜெபராஜும்தான். அந்த அம்மா ஒரு முழம் பூவை அக்கா தலையில் அவரே வைத்து விட்டார். அதற்குப் பிறகு அந்தப் போட்டோ எங்களுக்கு வரவே இல்லை.

அக்கா தோற்றார். டெபாசிட்டும் போனது.

வோட்டு எண்ணுகிற இடத்திலிருந்து வெளியே வந்தவரின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்ததும் கேட்டது… "ஏட்டி, ரசவடை திங்க வாறியா? எனக்குப் பசிக்கி."

அடுத்த நாள் காலையில் கவுண்டரில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் துணி எடுக்க வந்த பெண்களில் பாதிப் பேர் குனிந்து, ரகசியமாக, "நான் ஒங்களுக்குத்தான் போட்டேன்" என்றார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பேரும் போட்டிருந்தா, நான் இப்ப மெட்ராஸ்ல இல்லியா இருப்பேன்?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

அவர் கசந்து பேசி நான் கேட்டதில்லை. "நின்னு பாத்தேன், நல்லாத்தான் இருந்து" என்பார், ஏதோ டூர் போய் வந்த மாதிரி.

போன வாரம் கடை லீவு அன்று போனில் பேசியபோது திடீரென்று கேட்டார். "நசீமா, கவுன்சிலர் எலக்‌ஷன் வருகுல்லா, ஒங்க வார்டுல நீ நிக்கியா?"

"நானா? எனக்கு யாரு ஓட்டுப் போடுவாக்கா?"

"எனக்கு ஒங்க வார்டுல ஓட்டு இல்ல. இருந்தா ஒண்ணு உறுதி. மிச்சத்த நீ போயி கேளு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்று சொல்லலாம் என்றிருந்தேன்…

நாளைக்கு அடக்கம். பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு வருகிறேன்.

நிக்கேன்க்கா. போயிட்டு வாங்க.