அண்ணன் காருக்குத் தம்பியின் டிஃபரன்ஷியல்

மலைமேல் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவனிடம் ஓடாத வண்டிதான் வரும். ஓட ஆரம்பித்த நிமிஷமே அது அவனை விட்டுப் போயும்விடும். என்னைப் போல ஒற்றை ஆளாக ஸ்பேனர் பிடிக்கும் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் ஷெட் தேவனூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம்), ரோட்டோரம். மிளகு ஏற்றும் ஜீப்பும் மரவள்ளி ஏற்றும் பிக்கப்பும்தான் வாடிக்கை. மாமனார் விழுந்து படுக்கையானதிலிருந்து என் மனைவி சரோஜா கீழே பேளுக்குறிச்சியில் அவரோடு இருக்கிறாள். அவருக்கு வேறு ஆள் இல்லை. மேலே எனக்கும் இல்லை. “ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று போனில் கூப்பிடுவாள். கையில் இருக்கும் வேலை முடியட்டும் என்பேன். ஷெட்டுக்காரன் கையில் வேலை எப்போது முடிந்திருக்கிறது?

பலாப்பழத்துக்கு இடமில்லாத கார்

எங்கள் மலை ரோட்டு வளைவுகளில் ஓட்டிப் பார்க்கவென்றே கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பழைய மாடல், மடக்குகிற கூரை. சொந்தக்காரர் பெயர் கார்த்திக். பாதி மலையில் பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்து வந்து என் ஷெட்டில் விட்டார்கள். திறந்து பார்த்தால் டிஃபரன்ஷியலுக்குள் பல்லெல்லாம் நொறுங்கிக் கிடந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இரண்டையும் சண்டையில்லாமல் ஓட வைக்கிற இரும்புக் கூடுதான் டிஃபரன்ஷியல். எங்கள் ரோட்டில் வளைவு விட்டால் அடுத்த வளைவு, அதனால் இங்கே அதற்கு ஓய்வே கிடையாது.

கார்த்திக் பஸ் ஏறிப் போனார். பக்கத்துத் தோட்டத்தில் மிளகு போட்டிருக்கும் சின்னண்ணன், செய்தி கேட்டு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

“ஏனுங்க, சீட்டு ரெண்டே ரெண்டு, டிக்கியும் சோத்துச் சட்டி அளவுதான் இருக்குது. இதுல பலாப்பழத்த எங்கீங்க வெக்கறது?”

தம்பி தனியாக வந்தான்

அந்தக் காருக்கான டிஃபரன்ஷியல் எங்கேயும் கிடைக்கவில்லை. அதே பெயரில் பின்னால் வந்த புது மாடல் ஒன்றிலிருந்து கழற்றியதை கார்த்திக் வாங்கி லாரியில் அனுப்பிவைத்தார். ஆக, அண்ணன் காருக்குத் தம்பியின் டிஃபரன்ஷியல். காரின் அடியில் போல்ட் போட்டு மாட்டுகிற காதுகள் இரண்டும் அச்சாகப் பொருந்தின. எனக்கு ஒரே குஷி. ஆனால் தம்பி உடம்பில் பெரியவன். இன்ஜின் பக்கமிருந்து வரும் நீளமான சுழல் தண்டு, அதாவது சாஃப்ட், அதன் போல்ட் ஓட்டைகள் சேரவில்லை. சக்கரத்துக்குப் போகும் சாஃப்ட்டுகள் இரண்டும் உள்ளே பல் பிடிக்காமல் ஆடின.

தட்டிக் கொட்டி, வெல்டிங் வைத்து மாட்டியிருக்கலாம். இந்த ரோட்டில் அந்த வேலையெல்லாம் ஆளைப் பள்ளத்தில் இறக்கிவிடும். கார்த்திக்குக்குப் போன் போட்டு, தம்பி காரிலிருந்தே மூன்று சாஃப்ட்டும் வேண்டும் என்றேன். அவர் சொன்னார்:

“ஏனுங்ணா, ஒரு ஆள வரச் சொன்னீங்க, இப்ப அவன் குடும்பத்தையே கூட்டியாரச் சொல்றீங்களே!”

காலி சீட்

சாஃப்ட்டுகள் வர நாளாயிற்று. மலையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டிகளும் அவ்வளவாக வரவில்லை. மதியச் சோற்றை அந்தக் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டேன். யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்தால் வீடு முழுக்கக் காலியாகத் தெரியும். இங்கே பக்கத்து சீட் ஒன்றுதான் காலி. தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

அப்படி ஒருநாள் சாப்பிடும்போது சரோஜாவின் போன் வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். நான் சாஃப்ட் இன்னும் வரவில்லை என்றேன். காய்ச்சல் ஏதும் இல்லையே என்றாள். பழைய ஆயிலை வடித்துவிட்டேன் என்றேன். எனக்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிருந்தது. முன்பெல்லாம் எப்போது வருவீர்கள் என்று கேட்பாள், அன்று அதையும் கேட்கவில்லை. அது என்னைச் சுருக்கென்று தைத்தது. வைக்கும்முன் இதைத்தான் கேட்டாள்:

“சரீங்க, அந்தக் காராச்சும் சாப்புட்டுதுங்களா?”

மூட்டைக்கு பெல்ட்

சாஃப்ட்டுகள் வந்தன. மாட்டினேன், சேர்ந்தன. புது ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஒரு முனகல் இல்லை. அந்த நிமிஷம் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இனி இதுவும் போய்விடுமே என்ற நினைப்புதான் வந்தது.

பேளுக்குறிச்சிச் சந்தை நாளில் அங்கேயே வந்து காரை வாங்கிக்கொள்வதாகக் கார்த்திக் சொல்லிவிட்டார். அதற்குமுன் ட்ரையல் பார்க்க வேண்டும். எங்கள் மலையில் காலி வண்டியை யாரும் ட்ரையல் பார்ப்பதில்லை, லோடு ஏற்றித்தான் பார்ப்போம். டிக்கியில் மூட்டை நுழையவில்லை. மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தேன். வளைவுக்கு வளைவு அது என் மடியில் வந்து சாய்ந்தது. நிறுத்தி, அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு எதற்கு மூட்டை என்று எனக்கே பாதி வழியில் தோன்றியது. திரும்பி வந்து சின்னண்ணனிடம் சொன்னேன். அவருக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை:

“மூட்டை ஏத்தாம ஓட்டுனா அது ட்ரையலாங்க? அது ஊர் சுத்தறதுங்க!”

பேளுக்குறிச்சி

சந்தை நாளன்று காலையில் ஷெட்டைப் பூட்டி, அதே மூட்டையோடு மலை இறங்கினேன். கிழங்கு மாமனார் வீட்டுக்கு ஆகட்டும் என்று நினைத்தேன். எல்லா வளைவிலும் தம்பி அண்ணனைத் தாங்கிக்கொண்டு வந்தான். வாசலில் ஹார்ன் அடித்தேன். சரோஜா ஈரக் கையோடு வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தாள். “கெழங்குக்குப் பெல்ட்டுப் போட்டு மலையெல்லாம் கூட்டிச் சுத்தியிருக்கீங்க” என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள், நான் அவசரமாகப் பெல்ட்டைக் கழற்றினேன்.

மூட்டையை இறக்கிவிட்டு அவளை உட்கார வைத்தேன். அவள் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம் என்பதால் ஊர் எல்லைவரைதான் போய் வந்தோம். திரும்பும் இடத்தில் அவளும் என் பக்கம் சாய்ந்தாள், அவளுக்கு பெல்ட்டை நான் நினைவுபடுத்தவில்லை. அதற்குள் கார்த்திக், நான் போனில் சொல்லியிருந்தபடி வீட்டு வாசலுக்கே வந்து காத்திருந்தார். சாவியை வாங்கினார், நன்றி சொன்னார், போனார். நான் மேலே போகிற பஸ்ஸுக்கு நின்றேன். வழியனுப்ப வந்தவள், பஸ் வந்து நின்றதும் சொன்னாள்:

“அடுத்த தடவ எந்த வண்டியும் ஒடைய வேண்டாமுங்க, சும்மாவே வாங்க.”

மலைமேல் எத்தனையோ வண்டிகளை ஓட வைத்த எனக்கு, கீழே போகும் பஸ் தினமும் என் ஷெட் வாசலில்தான் நின்று போகிறது என்பது மறுநாள்தான் கண்ணில் பட்டது.