நிறுத்திய பிறகும் துள்ளிய கம்பி

மிக மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கிக் காட்டுவது என் வேலை. யாரையும் எதையும் நம்பாமலிருப்பது அதற்கான தகுதி. ஆய்வுக் கருவியோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

எதிர் வீட்டு விசாரணை

திருப்புலிவனத்தில் எங்கள் எதிர் வீட்டுத் தணிகாசலம் மாமாவுக்கு என்மேல் வெகுநாளாகச் சந்தேகம். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குத் தினமும் பஸ் ஏறிப் போகிறாளே, அங்கே என்னதான் செய்கிறாள் என்று. ஒருநாள் பிடித்துக்கொண்டார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சிலிக்கான் கம்பி ஒன்றை அதிர விடுவோம், ஒரு எல்லைவரை அடக்கமாக ஆடும், அதைத் தாண்டினால் சட்டென்று பெரிய ஆட்டத்துக்குத் துள்ளிவிடும் என்றேன். விளிம்புவரை நிரம்பிய குடம் ஒரு சொட்டுக்கே வழிகிற மாதிரி, அந்த எல்லையில் நிறுத்திவைத்த கம்பியை இம்மியளவு சிக்னல்கூடத் துள்ள வைத்துவிடும். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்போ எங்க வூட்ல பேசிக்கினு இருக்கறதும் உனுக்குக் கேக்குதா?”

மேடத்தின் கேள்வி

கம்பி அழகாகத் துள்ளியது. என் முனைவர் பட்டமே அந்தத் துள்ளலை நம்பித்தான் இருந்தது. வழிகாட்டி மேடத்திடம் முடிவைக் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தது என் அறியாமை. சிக்னலை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டார்.

அவர் முன்னாலேயே சிக்னல் கருவியின் பட்டனை அணைத்தேன். முன்னளவுக்கு இல்லாவிட்டாலும் கம்பி துள்ளிக்கொண்டேதான் இருந்தது. மேடம் என் பக்கம் திரும்பினார்.

“இல்லாத சிக்னலுக்கே இந்தத் துள்ளு துள்ளுதுன்னா, இதை எப்படிம்மா தீசிஸ்ல போடுவ?”

செல்வம் அண்ணன்

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே சந்தேகம். ஏசியை நிறுத்தினேன், விளக்குகளை அணைத்தேன், லிஃப்டில் யாரும் ஏறாத நேரம் பார்த்து ஓட்டினேன். கம்பி அசரவில்லை. மிச்சமிருந்தது ஆய்வக உதவியாளர் செல்வம் அண்ணன்தான். சாலவாக்கத்துக்காரர், கோபமே வராது. ஃபோனை வெளியே வைக்கச் சொன்னேன், வைத்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். மெதுவாக நடங்கள் என்றதும் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னும் இன்னாமா, மூச்சையும் வெளிய வெச்சிட்டு வரணுமா?”

கடைசிக் குற்றவாளி

நான் சந்தேகப்படாத ஒரே ஆள், சிக்னல் தரும் கருவி. ‘ஆஃப்’ என்று அதன் திரையிலேயே போட்டிருந்ததால் நம்பிவிட்டேன். வேறு வழி தெரியாத ஒரு மதியம் எரிச்சலில் அதன் கேபிளைப் பிடுங்கினேன். கம்பி அடங்கியது. செருகினேன், துள்ளியது. பட்டனை அணைத்த பிறகும் கருவி துளித்துளியாகச் சிக்னலைக் கசியவிட்டிருக்கிறது. அந்தக் கசிவைக்கூட என் கம்பி பிடித்திருக்கிறது. பாவம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேடம் வந்து தானே பிடுங்கிப் பார்த்தார், செருகிப் பார்த்தார். தீசிஸில் தாராளமாகப் போடலாம் என்றார். கதவுவரை போனவர் திரும்பினார்.

“எதுக்கும், கேபிள் போனதால நின்னுதா, நம்ம கை பட்டதால நின்னுதான்னு ஒருவாட்டி பாத்துடும்மா.”

ஒரு துளி சிக்னலை நாம் நம்பத் தொடங்குவதற்குள், நம்மை நம்பிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் மிச்சமிருப்பதில்லை.