யாரைக் கேட்டது என்று முதலில் பார்த்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் நிலையத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது யோகராசா அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் என்னை அழைக்கும் வழக்கம் இல்லை, அவர் மனைவிதான் அழைப்பார். எண்ணைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "ராகவன், புவனா விடியக் காலமை போயிட்டா," என்றார். ஆறு மாதமாக அழுது முடித்துவிட்ட குரல் அது. ரயில் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

திருமதி புவனேஸ்வரி யோகராசா அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் என்னோடு பதினோரு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தவர். வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் தாதியரின் அன்றாடப் பட்டியலை நடத்துவது எங்கள் சிறிய நிறுவனத்தின் தொழில். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, யாருக்கு என்ன மருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள சில நகராட்சிகள் அதை நம்பியிருக்கின்றன. அந்தப் பட்டியலைத் தாங்கும் கணினிகளைப் பார்த்துக்கொண்ட குழுவுக்கு நான் தலைவன், அவர் உறுப்பினர். பதவியில் நான் மேலே. வேலையில் யார் மேலே என்பதை நான் சொல்லாமலே நீங்கள் கண்டுகொள்வீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான்கு குளிர்காலம் மீன் வெட்டியவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஹொல்ம்லியாவில் குடியேறி, பகலில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்துகொண்டு மாலையில் கணினி படித்தார். மீன் தொழிற்சாலையில் வெட்டும் மேசைகளுக்கு இலக்கம் உண்டாம். மேற்பார்வையாளர் ஆட்களையும் அந்த இலக்கத்தைச் சொல்லியே கூப்பிடுவாராம். "ஏழு" என்று கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு மாதம் பொறுத்து அந்த மனிதர் "புவனேஸ்வரி" என்று முழுதாகச் சொல்லப் பழகிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை இருக்கும்.

நான் திருச்சிக்காரன். அவரை முதல்நாள் "மேடம்" என்று கூப்பிட்டேன். "இஞ்சை ஒருத்தரும் மேடம் இல்லை. அக்கா எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டிப் பேரைச் சொல்லுங்கோ," என்றார். அன்றிலிருந்து அக்கா. நான் பேசும் தமிழில் ஆங்கிலச் சொற்களை எண்ணி வைத்து, மத்தியானம் சாப்பிடும்போது கணக்கு ஒப்பிப்பார். நோர்வேக்காரர்களைப் போலவே பதினொரு மணிக்கு மெழுகுத்தாளைப் பிரித்துக் கறுப்பு ரொட்டி, அவர் சொல்லில் பாண், சாப்பிடுவார். ஆனால் உள்ளே மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த கட்டச்சம்பல் இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் மேலாளர் பெரித் ஜன்னலைத் திறந்துவிடுவார்.

அவர் செய்த பெரிய காரியத்தைச் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் தொழில் பேச வேண்டும். எங்களிடம் நிஜமான இயந்திரங்கள் இரண்டுதான் இருந்தன. அவற்றின் வயிற்றுக்குள் நாற்பது கணினிகள் வெறும் மென்பொருளாக ஓடிக்கொண்டிருந்தன. மெய்நிகர் கணினிகள் என்று அவற்றைச் சொல்வோம். ஒன்றோடொன்று பேச ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி உண்டு. எந்த எண் எந்தக் கணினி என்ற பட்டியலைக் கையால் எழுதி, நாற்பது கணினிகளிலும் ஒவ்வொரு பிரதி போட்டு வைத்திருந்தோம். ஓர் எண் மாறினால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும். முப்பத்தெட்டில் திருத்திவிட்டு இரண்டை மறப்பது எங்கள் குலவழக்கம். போதாக்குறைக்கு எனக்கு முன்னே இருந்தவர்கள் கணினிகளுக்கு நோர்வே மலைகளின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். எந்த மலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

அக்கா வந்த இரண்டாம் மாதமே கேட்டார்: உள்ளே நமக்கென்று ஒரு பெயர்ச் சேவை வைத்தால் என்ன? பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஒரு சின்னச் சேவை. எல்லாக் கணினிகளும் அதையே கேட்கட்டும், மாற்றுவதானால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். நான் மறுத்தேன். "இப்போதைக்கு ஓடுதில்லக்கா? ஓடுறதை எதுக்குத் தொடணும்?"

"உங்கட ஊரில இப்போதைக்கு எண்டால் எத்தினை வருசம், ராகவன்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மை சுட்டால் எனக்குக் கோபம்தான் வரும். மூன்று முறை மறுத்தேன், நான்காம் முறை பெரித்தே சரி என்று சொல்லிவிட்டார். அக்கா நான்கு மாதத்தில் அதைக் கட்டினார். பெயர்ச் சேவைக்கு இரண்டு கணினிகள் வைத்தார், இரண்டையும் வெவ்வேறு நிஜ இயந்திரங்களில் வைத்தார், ஒன்று படுத்தால் மற்றது பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. மலைகளையெல்லாம் இறக்கிவிட்டு, செய்யும் வேலையையே பெயராக வைத்தார். மருந்து, வருகை, காப்புப்பிரதி என்று நோர்வேஜிய மொழியில் எளிய பெயர்கள். பெயர்களின் வாலில் 'லோக்கல்' என்று போடச் சொன்னேன். அது வேண்டாம், அறைக்குள் ஒன்றையொன்று கூவித் தேடும் அச்சியந்திரங்களுக்கென்று ஒதுக்கி வைத்த வால் அது, பிறகு குழம்பும் என்று மறுத்துவிட்டார். வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

மீன் தொழிற்சாலையில் இலக்கமாக இருந்ததால்தான் கணினிகளுக்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டீர்களா என்று ஒருநாள் பெரிய ஞானிபோலக் கேட்டேன். சிரித்தார். எண் மாறும், பெயர் மாறாது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, கதை எழுதாதீர்கள் என்றார்.

எந்தக் கோளாறு வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அது ஆரைக் கேட்டது எண்டு முதல்ல பாருங்கோ." ஒரு கணினி இன்னொன்றைக் காணவில்லை என்றால், அது பாதையை யாரிடம் விசாரித்தது? நம் சேவையிடமா, வெளியே உள்ள ஏதோ ஒன்றிடமா, பழைய நினைவிலிருந்து எடுத்ததா? பாதி நோய் அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். அறையில் இருந்த நோர்வேக்காரர்களும் அதை அவரைப் போலவே கேட்கப் பழகிவிட்டார்கள்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

பழைய இயந்திரம் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாற வேண்டி வந்தது. மருந்து விவரங்கள் இருந்த கணினிக்குப் புதிய எண். பழைய கணினியை ஒரு வாரம் அணைக்காமல் வைக்கச் சொன்னவன் நான், பாதுகாப்புக்காம். மாறுவதற்கு முதல் நாளே அக்கா, ஒரு பதிலை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை ஒரு நாளிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டார். ஞாயிறு காலை ஓரிடத்தில் ஒரு வரியை மாற்றினார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, இருவரும் ரயில் நிலையம் வரை நடந்தே போனோம்.

திங்கள் காலை ஒரு தாதி அழைத்தார். தான் பார்க்கப் போகும் ஒரு முதியவருக்கு இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார், அதை முதல் நாள் மாலையே தான் பதிவும் செய்தாயிற்று, பட்டியலோ பழைய அளவையே காட்டுகிறது என்றார். அவர் விழிப்பாக இருந்தபடியால் அந்த முதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பெரித் உடனே அறிக்கை கேட்டார். நான் ஒன்றையும் பார்க்காமல், புதிய பெயர்ச் சேவையில் கோளாறு இருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அக்கா என்னைத் தன் மேசைக்கு அழைத்தார். தாதியர் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கணினியைத் திறந்து வைத்திருந்தார். அதனுள் கையால் எழுதிய ஒரே ஒரு வரி, மருந்துக் கணினியின் பழைய எண். கணினி எப்போதும் தன்னுள் எழுதி வைத்திருப்பதைத்தான் முதலில் பார்க்கும். அங்கே பதில் இருந்தால் வெளியே கேட்காது. ஆகவே மாற்றங்களெல்லாம் பழைய கணினிக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

"இது ஆரையும் கேக்கேல்லை," என்றார். "தனக்குத் தெரியும் எண்டு இருந்திட்டுது."

அந்த வரியை எழுதியவன் நான். மூன்று வாரத்துக்கு முன் அவர் மகளின் பட்டமளிப்புக்காக விடுப்பில் போயிருந்தார். ஒரு நகராட்சிக்குப் பத்து நிமிடத்தில் செயல்முறை காட்ட வேண்டும், அந்தக் கணினிக்குப் பெயர் கிடைக்கவில்லை. இப்போதைக்கு என்று ஒரு வரி எழுதினேன். அவரிடம் சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. சொன்னால் கிண்டல் செய்வாரே என்று தள்ளிப்போட்டு, பிறகு மறந்தேன்.

யார் எழுதியது என்று கோப்பிலேயே இருந்தது. அவர் "இந்த வரியை நான் அழிக்கட்டோ, நீங்கள் அழிக்கிறீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நானே அழித்தேன். அன்று மாலைக்குள், தவறான இடத்தில் தங்கியிருந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக அந்தந்தத் தாதியிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்து, புதிய கணினியில் சேர்த்தார்.

இதற்கிடையில் என் அறிக்கை தன் வேலையைச் செய்துவிட்டது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் பெயர்ச் சேவையை எடுத்துவிட்டுப் பழையபடி கையால் எழுதுவதற்குத் திரும்ப முடிவெடுக்கப்போவதாகவும், அக்காவைத் தொலைபேசியில் புகார் கேட்கும் பிரிவுக்கு மாற்றப்போவதாகவும் பெரித் என்னிடம் தனியே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. என் குடியிருப்பு அனுமதி அந்த வேலையோடு கட்டுண்டது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இது காரணம்தான், நியாயம் இல்லை.

செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்றும் கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

"நான் உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன்," என்றார். "அது நீங்கள் சொல்ல வேண்டியது. நீங்கள் சொன்னால் நான் பக்கத்தில இருப்பன்."

சொல்லாவிட்டால் என்று கேட்டேன். மெழுகுத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சொல்லாவிட்டால் தான் என்னோடு ஓர் அறையில் வேலை செய்ய ஏலாது, அவ்வளவுதான் என்றார். குரலில் கோபம் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வியாழக்கிழமை நான் சொன்னேன். எனக்கு வரும் அரைகுறை நோர்வேஜியத்தில், எழுதியது நான், மறைத்தது நான், பழியைப் பெயர்ச் சேவையின்மேல் போட்டதும் நான் என்று சொன்னேன். பெரித் ஏன் மூன்று நாள் எடுத்தது என்று கேட்டார். பயம் என்றேன். அக்கா இடையில் புகுந்து என்னைக் காப்பாற்றவில்லை. ஆனால் சொன்னபடி பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இனி இது நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று பெரித் கேட்டதும் மடிக்கணினியைத் திறந்தார். கையால் எழுதிய வரி எங்காவது இருக்கிறதா என்று நாற்பது கணினிகளிலும் தினமும் தேடிப் பார்க்கும் சிறு நிரல் ஒன்றை அதற்குள் எழுதி முடித்திருந்தார்.

பெயர்ச் சேவை தங்கியது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது, வேலை போகவில்லை. இனி எந்தக் கணினியில் கை வைப்பதானாலும் புவனேஸ்வரியின் சம்மதம் வேண்டும், ராகவனுக்கும் அதுதான் சட்டம் என்று பெரித் உத்தரவு போட்டார். குழுத் தலைவன் உறுப்பினரிடம் அனுமதி கேட்கும் குழு ஒஸ்லோவில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதன் பிறகு வந்த ஏழு ஆண்டுகள் என் தொழில் வாழ்க்கையில் மிக நல்ல ஆண்டுகள். நாற்பது கணினிகள் நூறைத் தாண்டின. ஒன்றையும் நாங்கள் தொலைக்கவில்லை.

சென்ற வசந்தத்தில் நோய் தெரிந்தது. சிகிச்சைக்குப் போகும் நாட்களை நாட்காட்டியில் "பராமரிப்பு" என்று குறித்து வைத்தார். வேலைக்கு வர முடியாமல் போன பிறகும் நான் ஹொல்ம்லியாவுக்குப் போனால் உடம்பைப் பற்றிப் பேச இரண்டு நிமிடம்தான் தருவார், மிச்ச நேரம் கணினிகளைப் பற்றிக் கேட்பார். கடைசியாகப் போனபோது பேச்சு தளர்ந்திருந்தது. நான் பேசியதில் எத்தனை ஆங்கிலச் சொல் என்று விரலால் காட்டினார். இரண்டு கையும் போதவில்லை.

எரியூட்டும் மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தக் கதையைத்தான் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். முடிந்து வெளியே வந்து நிற்கையில் யோகராசா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வியாழக்கிழமை காலமை அவ விலகல் கடிதம் எழுதிப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் போனவ. ஏனெண்டு கேக்க, சொந்தக் காரணம் எண்டு மட்டும் சொன்னவ. பின்னேரம் சிரிச்சுக்கொண்டு வந்து கடிதத்தைக் கிழிச்சுப் போட்டா. 'ராகவன் நல்ல மனுசன்' எண்டா. அவ்வளவுதான். நடந்தது என்னெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

ஏழு ஆண்டு ஒரே அறையில் இருந்தும் அக்கா அதை என்னிடம் சொல்லவில்லை. நான் மௌனமாக இருந்திருந்தால் எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார். என் பெயரையும் இழுக்காமல், மீன் மேசையிலிருந்து தொடங்கித் தான் நடந்து வந்த தூரம் முழுவதையும் மடித்துக் கடிதமாக மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். நானும் என் அனுமதியைக் காப்பாற்றிக்கொண்டு, அவர் ஏன் போனார் என்று ஊரோடு சேர்ந்து வியந்திருப்பேன்.

சாவு நடந்த இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது உங்கள் ஊர் வழக்கம், எங்கள் ஊர் வழக்கமும் அதுவே. அன்று சொல்லாமல்தான் வந்தேன். இங்கே சொல்லிக்கொள்கிறேன், அக்கா. நீங்கள் அன்று கிழித்துப் போட்ட கடிதத்துக்கு என்னால் முடிந்தவரை தகுதியாக இருக்கிறேன். நிம்மதியாகப் போங்கோ.