பெட்டி பெயில் போட்ட தோடு

பழைய வைரத்தைப் பார்த்துச் சொல்கிற வேலையில் கண்ணைவிட வாய்தான் முதலில் தேயும். தி.நகரில் ஒரு நகைக்கடையின் பழைய நகைப் பிரிவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜவுளியோ பாத்திரமோ மருந்தோ, கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கிறவர் யாராக இருந்தாலும் நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும். போன ஆவணியில் ஒரு வாரம் வந்தது பாருங்கள், நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

கடைசி மார்க்

திங்கட்கிழமை சாந்தோமிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கூடவே மகன் அருள். டீச்சர் இத்தனை வருஷம் காதில் போட்டிருந்த ஒற்றைக்கல் தோட்டைப் பிரித்து, வரப்போகிற மருமகளுக்குப் புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். கல்லைக் கழற்றித் துடைத்து உள்ளங்கையில் போட்டதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. உயரமான தலை, சின்ன முகம், அகலமான பட்டைகள். கரண்ட் வருவதற்கு முந்தைய காலத்துக் கைவேலை!

எங்கள் கடையில் ஒளி அளக்கிற பெட்டி ஒன்று உண்டு. உள்ளே போன வெளிச்சத்தில் கல் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று பார்த்து மார்க் போடும். புது வைரத்துக்கெல்லாம் வாரி வழங்கும். டீச்சரின் இரண்டு கல்லுக்கும் இருப்பதிலேயே கீழான மார்க் விழுந்தது. "மறுபடி பட்டை தீட்டிடலாம்" என்றார் அருள். தீட்டினால் கல்லில் நல்ல பங்கு பொடியாகப் போய்விடும், போனது போனதுதான் என்று மன்றாடிப் பார்த்தேன். பட்டை தீட்டச் சனிக்கிழமை கல் சூரத்துக்குக் கிளம்புவதாக முடிவாயிற்று. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்க் கம்மின்னா திருத்தித்தானே ஆகணும். என் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட நான் வேற என்ன சொன்னேன்?"

மாமியாரின் ஓட்டை

புதன்கிழமை மயிலாப்பூர் மாமி ஒருவர் மூக்குத்தியைக் கழற்றி வைத்தார். "நடுவுல ஓட்டை இருக்கு, நன்னாப் பாருங்கோ. எங்க மாமியார் தலையில கட்டிட்டா." பார்த்தேன். கல்லின் நடுவில் குட்டி வட்டம். பழைய காலத்தில் பட்டை தீட்டியவர்கள், கல்லின் அடிமுனை உடையக் கூடாதென்று அதன் கூர்மையை மழுக்கித் தட்டையாக்கி விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் அதுதான் ஓட்டை மாதிரி தெரியும். ஒரு ஊசியைக் கொடுத்து, ஓட்டைக்குள் விடுங்கள் பார்க்கலாம் என்றேன். மாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பத்து நிமிஷம் முயன்றார். ஊசி வழுக்கிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பொறி தட்டியது. டீச்சர் கல்லிலும் இதே வட்டம்தான். மாமி போலவே பெட்டியும் அதை ஓட்டைக் கணக்கில் சேர்த்து மார்க்கைக் குறைத்திருக்கிறது! ஓடிப்போய் முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். "கஸ்டமரு கேட்டா செஞ்சு குடுத்திருவோம்மா" என்று முடித்துவிட்டார். திரும்பி வந்தால் மாமி ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசனையில் இருந்தார். "அப்போ முப்பது வருஷமா அவாள வீணாத்தான் திட்டிண்டிருந்தேனா? சரி போறது, திட்டறதுக்கு வேற காரணமும் இருந்தது."

முந்தானைச் சோதனை

வியாழக்கிழமை பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற செல்வி அக்கா, மகள் கல்யாணத்துக்குப் பழைய கல் மூக்குத்தி வேண்டுமென்று வந்தார். மூன்றை எடுத்து வைத்தேன். மூன்றும் டாலடித்தன. அவர் அசரவில்லை. அண்ணாந்து எங்கள் கடை விளக்குகளை எண்ணுவது போல் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முந்தானை நிழலுக்குள் வைத்துக் குனிந்து பார்த்தார். ஒன்று அணைந்தே போனது. ஒன்று சுமார். மூன்றாவது உள்ளுக்குள் மெல்ல மின்னிக்கொண்டே இருந்தது.

லூப் என்கிற பூதக்கண்ணாடியும் பெட்டியும் வைத்துக்கொண்டு நான் படித்ததை இந்த அம்மா முந்தானையில் முடித்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "இன்னாம்மா கேக்குற? எங்க மார்க்கெட்லயும் இப்டித்தான் லைட்டக் கட்டிக்கினு கீறானுங்க, நாலு நாள் மீனும் பளபளன்னு கீது. நெழல்ல கண்ணப் பாரு, எது புச்சுன்னு அதுவே சொல்லும்."

ஆறு மணி விளக்கு

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் தனியாக வந்தார். பட்டை தீட்டச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி லட்சுமி படத்துக்கு முன்னால் அகல்விளக்கை ஏற்றினார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, "அண்ணாச்சி, எல்லா லைட்டையும் அணைங்க!" என்று கத்திவிட்டேன். "விளக்கேத்துற நேரத்துல கடைய இருட்டாக்கச் சொல்லுதீங்களே, நல்லாவா இருக்கு?" என்றார். ஆனாலும் அணைத்தார்.

கறுப்புத் துணியில் டீச்சரின் இரண்டு கல்லையும், பக்கத்தில் பெட்டி முழு மார்க் போட்ட புது வைரம் ஒன்றையும் அகலுக்கு முன்னால் வைத்தேன். சுடர் லேசாக அசைந்தது. புது வைரம் பொடிப்பொடியாக மினுக்கியது. டீச்சரின் கல்லில் முதலில் ஒன்றுமில்லை. அடுத்த அசைவில் ஒரு பட்டை முழுக்க ஆரஞ்சு! அது அணைவதற்குள் நீலம், அப்புறம் பச்சை. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குதிக்காத குறை. அந்தக் கல்லைத் தீட்டியவர்கள் பார்த்த வெளிச்சம் இதுதான், பெட்டிக்குள் இருப்பது வேறு வெளிச்சம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

டீச்சர் பேனாவை மூடினார். மகனுக்குப் போன் போட்டு, கல் எங்கும் போகவில்லை, அப்படியே கட்டச் சொல்லிவிட்டேன் என்றார். மகன் மார்க்கைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். டீச்சர் வகுப்புக் குரலில் சொன்னார்: "டேய், தமிழ்க் கட்டுரையைக் கொண்டாந்து கணக்கு டீச்சர் என்கிட்ட திருத்தக் குடுத்தா நானும் சைபர்தான்டா போடுவேன்!"

ஆக, வைரம் பார்க்கத் தெரிந்தவள் என்று என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த வாரம் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் லைட்டை அணைக்கச் சொன்னதுதான்.