இடது பக்கம் ஒரு சுவிட்ச்

கொதிக்கிற இரும்பின் மேல் ஈரத் துணியைப் போட்டால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்... கூடவே பெட்ரோல் வாசனை. கல்யாணமான முதல் கோடை என்றாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில். என் வீட்டுக்காரர் ஜெயபாலுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். ஆனால் மனசெல்லாம் கார். மெட்ராஸில் யாரோ ஓட்டிச் சலித்த ரெண்டு சீட்டு இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கி வந்து, என்ஜினுக்குப் பெட்ரோலைக் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தி, மெட்ராஸ் பக்கம் நடக்கும் பந்தயத்தில் ஓட்டியே தீருவேன் என்று நின்றார்.

கூட்டாளி மதார் பாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஒண்ணாங்கிளாசிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.

என் வேலை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்து நேரம் சொல்வது. "புது மருமவ தலை பறக்க கார்ல ஊர்கோலம் போவுது" என்று தெருவில் சிரித்தது என் காதிலும் விழுந்தது. விழட்டுமே... அந்த சீட்டை விட்டு இறங்கவே எனக்கு மனசு வராது.

பந்தயம் உச்சி வெயிலில் நடக்கும் என்பதால், ஓட்டிப் பார்ப்பதும் உச்சி வெயிலில்தான். கோட்டை மலைகளுக்கு நடுவே போகிற திருவண்ணாமலை ரோட்டில், சித்திரை மாதம் பாறையெல்லாம் அடுப்பு மாதிரி அனல் கக்கும். சரியாக அங்கே வந்ததும் வண்டி இரண்டு முறை இருமும். நின்றுவிடும்.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்ப், என்ஜினோடு ஒட்டிக்கொண்டு, என்ஜின் சுற்றச் சுற்ற ஓடுகிற பழைய மாதிரி. அந்தச் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். நான் இறங்கித் துணியை நனைத்துப் பம்பின் மேல் போடுவேன். பத்து நிமிஷம் காத்திருப்போம். பந்தயத்தில் யார் காத்திருப்பார்கள்?

கரண்டு பம்ப் போடலாம் என்றார் இவர். பேட்டரியில் ஓடும், பின்னால் டேங்க் பக்கத்தில் வைத்துவிட்டால் சூடே படாது. மதார் பாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"என்ஜின் நின்னா இந்த பம்பும் நின்னுடும்டா. கரண்டு பம்புக்கு இன்னா தெரியும்? வண்டி கவுந்து கெடந்தாலும் அது பாட்டுக்கு பெட்ரோல ஊத்திக்கினே இருக்கும்."

"சாவியத் திருப்பினா நிக்கப் போவுது. அதுக்குப் போயி..."

மூன்று வாரம் இதே சண்டை. இரண்டு நாள் பேச்சே இல்லை. ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று டீ குடித்தார்கள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நான்தான் கேட்டேன். "சாவி ஒங்க பக்கம் இருக்குது. நீங்க மயங்கிக் கெடந்தா யாருங்க திருப்பறது?"

மதார் பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுச்சு பாரு தங்கச்சி!"

அதற்கு ஒரு வழி செய்துவிட்டால் சரி என்று மதார் பாய் இறங்கி வந்தார். மெட்ராஸிலிருந்து கரண்டு பம்ப் வந்தது. அதை மாட்டிவிட்டு, என் சீட்டுக்கு முன்னால், இடது ஓரத்தில் பம்பை நிறுத்தத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார் மதார் பாய்.

"இது ஒன்னோடது தங்கச்சி. கண்ண மூடிக்கினு தொடு பாப்போம்."

தொட்டேன். விடாமல் பத்து முறை தொட வைத்தார்.

முதல் நாள் வண்டி நிற்கவே இல்லை! அதே அனலில், அதே மலைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு போனது. இரண்டு பேரும் கத்தினோம்.

மறுநாள் முன் டயர் வெடித்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புளிய மரத்தில் உரசிப் பள்ளத்தில் போய் மோதியது.

இவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. என்ஜின் நின்றுவிட்டது. ஆனால் பின்னாலிருந்து டிக்டிக்டிக் என்று பம்ப் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் பைப் உடைந்து, சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கொட்டுகிற வாடை. கண்ணெல்லாம் மண்ணு. ஒன்றும் தெரியவில்லை.

கை தானாகப் போனது. சத்தம் நின்றது.

அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது. அந்த வழியாக வந்த பஸ்ஸை நிறுத்தி, அதிலிருந்தவர்கள்தான் அவரைத் தூக்கினார்கள். நெற்றியில் தையல், வலது கை முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை.

மதார் பாய் உடைந்த பைப்பைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். 'அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய பம்பே மாட்டிடுடா மதாரு" என்றார் இவர்.

"வேணாம். கரண்டு பம்பே இருக்கட்டும். அதான் தங்கச்சி இருக்குது இல்ல?"

அந்த வருஷப் பந்தயம் போச்சு. கை சேரும்வரை வண்டியை யார் எடுப்பது? அப்படித்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் இவர் பந்தயத்தில் ஓட்டினார். கடைசிக்கு முந்தின இடம்! ஆனால் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் என் மகள் புதுக் கார் வாங்கினாள். 'இதுல பம்ப் எங்க இருக்குது?' என்று கேட்டேன். ஷோரூம் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னான். "டேங்குக்குள்ளயே இருக்குது ஆன்ட்டி. வண்டி மோதிச்சுன்னா அதுவே கட்டாயிடும்."

எவ்வளவு நல்ல ஏற்பாடு... மனசு நிறைந்துவிட்டது. உடனே ஓடிப் போய் ஜெயபாலிடமும் மதார் பாயிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இரண்டு பேரும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.